தேதி பார்த்துப் பூச்சி மருந்து கொடுப்பது சரியா?

ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பின் காரங்காடு, தொண்டி, திருவாடானைப் பகுதிகளில் கண்மாய்க் கரைகளும் வரப்புகளும் பசேல் என்று ஆகிவிடும். கோடையில் காய்ந்து கிடந்த ஆடுகளுக்கு அது நல்ல தீனி. அந்தப் புல்லோடு குடற்புழுவும் வயிற்றுக்குள் போய்விடுகிறது.

ஆடுகளைக் கொல்லும் புழுக்களில் முக்கியமானது ஹீமாங்கஸ் என்ற உருண்டைப் புழு. நான்காவது இரைப்பையில் தங்கி இரத்தத்தை உறிஞ்சும். ஒரு பெண் புழு தினமும் 5,000 முட்டைகளுக்கு மேல் இடக்கூடும். புழுக்கையோடு வெளியேறும் முட்டைகள், ஈரமும் சூடும் இருந்தால் ஒரு வாரத்தில் இளம் புழுக்களாகிப் புல்லில் ஏறிவிடும். அதை மேய்ந்த ஆட்டின் வயிற்றில் சுமார் 3 வாரத்தில் மீண்டும் முட்டையிடத் தொடங்கும். ஆடு இளைத்து, கண் வெளுத்து, தாடைக்கடியில் நீர் கோத்து வீங்கும்.

இதற்கு வழக்கமாகக் கூறப்படும் யோசனை, குறிப்பிட்ட மாதங்களுக்கு ஒருமுறை மந்தை முழுவதற்கும் மருந்து ஊற்றுவதாகும். இம்முறையை இனி அப்படியே பின்பற்றுவது நல்லதல்ல.

குதிரை வளர்ப்போரின் அனுபவம் இதற்குச் சான்று. 1966இல் அமெரிக்காவின் கென்டக்கி பல்கலைக்கழக விஞ்ஞானிகள் 2 மாதத்துக்கு ஒருமுறை குதிரைகளுக்குப் புழு மருந்து தரும் முறையை வகுத்தனர். குதிரைகளைக் கொன்றுவந்த பெரிய புழுக்கள் குறைந்தன. ஆனால், சிறு புழுக்கள் மருந்துக்குப் பழகி, சாகாமல் பெருகின. டென்மார்க்கில் 1999 முதல் கால்நடை டாக்டரின் சீட்டு இல்லாமல் இம்மருந்துகளை வாங்க முடியாது. இப்போது குதிரைச் சாணத்தில் முட்டைகளை எண்ணிப் பார்த்து, தேவையானவற்றுக்கு மட்டும் மருந்து தருவதே சிறந்த முறையாகக் கருதப்படுகிறது.

ஆட்டுப் புழுக்களும் இவ்வாறே மருந்துக்குப் பழகி வருகின்றன. ஒரு புட்டி மருந்தைக் கண்மதிப்பாக மந்தை முழுவதற்கும் பங்கிட்டால், ஒவ்வோர் ஆட்டுக்கும் அளவு குறையும். வீரியமுள்ள புழுக்கள் பிழைத்துக்கொண்டு, அவற்றின் வாரிசுகளே பெருகும். நாலைந்து ஆடுகளையே சேமிப்பாக நம்பியுள்ள குடும்பத்துக்கு, மருந்து பலிக்காமல் போனால் வேறு போக்கிடம் இல்லை.

ஆகவே, புழுக்கையைக் கால்நடை மருந்தகத்தில் பரிசோதித்த பின்பே மருந்து தர வேண்டும். ஆட்டின் எடைக்கேற்ற முழு அளவு கொடுப்பது அவசியம். செம்மறியாட்டுக்கான அளவு வெள்ளாட்டுக்குப் போதாமல் போகலாம். டாக்டரிடம் கேட்டறிவது நலம். சினை ஆடுகளுக்கு ஆல்பெண்டசோல் போன்றவற்றைக் கேட்காமல் தரக்கூடாது. வாரம் ஒருமுறை கீழ் இமையின் உட்புறத்தைப் பார்த்து, வெளுத்துள்ள ஆடுகளை முதலில் கவனிக்கலாம். தென்னாப்பிரிக்காவில் இதற்கென 5 நிறங்கள் கொண்ட அட்டையே உருவாக்கப்பட்டது. பனி ஈரம் உலர்ந்த பின் மேய்ச்சலுக்கு ஓட்டுவதும், உயரத்தில் உள்ள தழைகளை ஒடித்துப் போடுவதும் செலவில்லாத தடுப்பு முறைகள்.

கால்நடை முகாம்களிலும் மருந்து ஊற்றியதோடு வேலை முடிந்ததாகக் கருதக்கூடாது. 10 முதல் 14 நாட்களுக்குள் சில ஆடுகளின் புழுக்கையை மீண்டும் பார்த்தால்தான் மருந்து பலித்ததா என்பது தெரியும். இந்தச் சோதனையையும் முகாமின் ஒரு பகுதியாக்கும்படி ஆடு வளர்ப்போர் கேட்க வேண்டும். செலவும் குறையும், கையில் உள்ள மருந்துகளும் நீண்ட நாள் பயன்படும்.