தீயணைப்பு வண்டிக்குத் தேய்மானக் கணக்கு எங்கே?

கோவை மாவட்டத்தின் அன்னூரைச் சுற்றி நூற்பாலைகளும் கழிவுப் பஞ்சு குடோன்களும் இருக்கும்வரை பஞ்சுத் தீயும் இருக்கும். இறுகக் கட்டிய பேலில் பற்றிய தீ, மேலே அணைந்துவிட்டதுபோலத் தெரியும். உள்ளே கனன்றுகொண்டே இருக்கும். ஜேசிபியை வரவழைத்து, பேல்களை வெளியே இழுத்துப்போட்டு, பட்டையை அறுத்துப் பிரித்துப் பிரித்து நனைக்க வேண்டும். வழக்கமான தீயணைப்பு வண்டியில் இருக்கும் சுமார் 4,500 லிட்டர் தண்ணீர், ஹோஸை முழு வேகத்தில் திறந்துவிட்டால் சில நிமிடங்களுக்குத்தான் வரும். பிறகு தண்ணீர் லாரிகள் மாற்றி மாற்றி வந்து நிற்க, விடியும்வரை பம்ப் ஓடியாக வேண்டும். அந்த பம்ப்புக்கு என்ன வயது, அதைச் சுமந்து வந்த வண்டிக்கு என்ன வயது என்பது தீயில் பஞ்சைப் பறிகொடுத்தவருக்கும் தெரியாது, வேடிக்கை பார்க்கிற நமக்கும் தெரியாது.

அமெரிக்கச் சிற்றூர்களில் இது ஊரறிந்த விஷயம். அங்கே தீயணைப்பு பெரும்பாலும் நகர மன்றத்தின் பொறுப்பு. ஒரு வண்டியின் விலை 10 லட்சம் டாலரைத் தொட்டுவிட்டது. ஆர்டர் கொடுத்தால் கைக்கு வரச் சில ஆண்டுகள் ஆகின்றன. அதனால் வண்டியை மாற்றும் காலம் நெருங்கும்போதே பல மன்றங்கள் ஒரு நிதி ஆலோசகரை அமர்த்துகின்றன. கடன் பத்திரம் வெளியிடுவதா, குத்தகை முறையில் எடுப்பதா, எத்தனை ஆண்டுத் தவணை, வீட்டு வரி எவ்வளவு ஏறும் என்பதையெல்லாம் அவர் கணக்குப் போட்டுக் கொடுக்க, மன்றம் பொதுக்கூட்டத்தில் விவாதித்து முடிவெடுக்கிறது. ஒரு வண்டி வாங்க இவ்வளவு அமர்க்களமா என்று நமக்குச் சிரிப்பு வரலாம். ஆனால் அந்த ஊர்க்காரருக்குத் தன் வண்டி எந்த ஆண்டு ஓய்வு பெறும் என்று தெரியும்.

நம் ஊரில் கதை வேறு. 74வது அரசியல் சட்டத் திருத்தம் 1992இல் கொண்டுவந்த 12வது அட்டவணை, நகர உள்ளாட்சிகளுக்கு உரிய 18 பணிகளைப் பட்டியலிடுகிறது. தீயணைப்பும் அதில் ஒன்று. தமிழ்நாட்டில் அந்தப் பணி மாநிலத் துறையிடமே இருக்கிறது. இதை நான் குறை சொல்லவில்லை. மாநிலம் முழுவதற்கும் ஒரே பயிற்சி, ஒரே படை என்பதில் பெரிய நன்மை உண்டு. சிக்கல் கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில், நாட்டுக்கே முன்னோடியாகத் தமிழக நகர உள்ளாட்சிகள் வணிக நிறுவனங்களைப் போல நிலுவை அடிப்படையிலான கணக்கு முறைக்கு மாறின. அதாவது, குப்பை லாரிக்குக்கூட ஆண்டுதோறும் தேய்மானம் எழுதுகிறார்கள். மாநில அரசோ இன்றும் ரொக்கக் கணக்குதான் வைத்திருக்கிறது. வாங்கிய ஆண்டில் செலவு எழுதினால் முடிந்தது. அடுத்த பதினைந்து ஆண்டுகளும் அந்த வண்டி கணக்கில் கிழடாவதே இல்லை. தேய்மானம் எழுதத் தெரிந்த உள்ளாட்சியிடம் தீயணைப்பு வண்டி இல்லை. வண்டி வைத்திருக்கும் அரசு தேய்மானம் எழுதுவதில்லை. அன்னூரில் பத்துத் தறி வைத்திருப்பவரின் ஆடிட்டர்கூட இப்படி ஒரு கணக்கை ஏற்க மாட்டார்.

இதன் விளைவாக, புது வண்டி தவணைப்படி வராமல் அறிவிப்பாக வருகிறது. சட்டமன்றத்தில் மானியக் கோரிக்கையிலோ 110 விதியின் கீழோ எண்ணிக்கை சொல்லப்படும். ஒருநாள் கொடியசைப்பு நடக்கும், படம் வரும். எந்த நிலையத்து எந்தப் பழைய வண்டிக்கு மாற்றாக அது போகிறது என்பது மட்டும் வராது.

ஒன்றிய அரசின் 15 ஆண்டு விதி ஒரு வகையில் நல்லதே செய்தது. 2023 ஏப்ரல் 1 முதல், 15 ஆண்டு கடந்த அரசு வாகனங்களின் பதிவு புதுப்பிக்கப்படாது. ராணுவத்துக்கும் சட்டம் ஒழுங்குக்கும் பயன்படும் சிறப்பு வாகனங்களுக்கு விலக்கு உண்டு. அந்த வரிசையில் தீயணைப்பு வண்டியின் பெயர் இல்லை. கிலோமீட்டர் அதிகம் ஓடாத, பம்ப் நல்ல நிலையில் இருக்கும் வண்டியையும் பிறந்த தேதி பார்த்துக் கழிப்பது சரியா என்ற கேள்வி நியாயமானதே. அமெரிக்காவில்கூட 15 ஆண்டு தாண்டினால் மாற்று வண்டியாக ஒதுக்கிவை, 25இல் கழி என்பதுதான் தீயணைப்புத் தர அமைப்பின் பரிந்துரை. இருந்தாலும் விதி விதிதான். மாற்ற வேண்டிய தேதி இப்போது சட்டத்திலேயே இருக்கிறது. தேதி தெரிந்த செலவை எதிர்பாராத செலவு என்று இனி யாரும் சொல்ல முடியாது.

பணமே இல்லை என்றும் சொல்ல முடியாது. 15வது நிதிக்குழுவின் பரிந்துரைப்படி, தீயணைப்புத் துறைகளை விரிவாக்கி நவீனப்படுத்த 5,000 கோடி ரூபாய்த் திட்டத்தை ஒன்றிய அரசு 2023இல் தொடங்கியது. மாநிலம் தன் பங்காக 25 சதவீதம் போட வேண்டும். பழைய அரசு வாகனங்களைக் கழிக்கும் மாநிலங்களுக்கு, மூலதனச் செலவுக்கான 50 ஆண்டு வட்டியில்லாக் கடனிலும் ஊக்கத்தொகை உண்டு. 15 ஆண்டு ஓடும் வண்டிக்கு 50 ஆண்டுக் கடன்! வட்டி இல்லாததால் பெற்றுக்கொள்வதே புத்திசாலித்தனம். ஆனால் அந்தக் கடன் தீர்வதற்குள் மூன்று தலைமுறை வண்டிகள் பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்கும்.

வட்டிக் கடன் என்றால் கணக்கு மாறும். ஒரு வண்டி ஒரு கோடி ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 8 சதவீத வட்டியில் 10 ஆண்டுக்கு வாங்கினால் ஆண்டுக்கு ஏறத்தாழ 14.9 லட்சம், மொத்தம் ஒன்றரைக் கோடிக்குச் சற்றுக் குறைவு. இதையே, அடுத்த வண்டிக்காக இன்று முதல் 6 சதவீத வட்டியில் 15 ஆண்டு சேர்த்தால் ஆண்டுக்கு 4.3 லட்சம் போதும். விலை ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறினால் வண்டி இரண்டு கோடியைத் தாண்டிவிடும். அப்படியானால் ஆண்டுக்கு 9 லட்சம் எடுத்து வைக்க வேண்டும். எப்படிப் பார்த்தாலும் வண்டி வந்த நாளிலேயே அடுத்த வண்டிக்கு உண்டியல் திறப்பதுதான் மலிவு. இன்றைய தேவைக்குக் கடன், நாளைய தேவைக்குச் சேமிப்பு என்று இரண்டையும் கலந்து திட்டம் போடுபவர்தான் நமக்கு வேண்டும்.

அப்படிப்பட்டவர்கள் தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. 1996இல் உருவான தமிழ்நாடு நகர்ப்புற வளர்ச்சி நிதியம், தனித்தனியாகச் சந்தைக்குப் போனால் எவரும் கடன் தராத 13 சிறு உள்ளாட்சிகளைச் சேர்த்து, 2002இல் குடிநீர், வடிகால் பணிகளுக்காக 30 கோடி ரூபாய்க்குச் சற்று அதிகமான கூட்டுக் கடன் பத்திரம் வெளியிட வழிசெய்தது. இந்தியாவில் அதுவே முதல் முயற்சி. குடிநீருக்குச் செய்ய முடிந்ததைத் தீயணைப்பு வண்டிக்குச் செய்ய முடியாதா? கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களின் வண்டிகளை ஒரே அட்டவணையில் போட்டு, ஆண்டுக்கு இத்தனை என்று மொத்தமாக ஆர்டர் கொடுத்தால் விலை பேசவும் வலு இருக்கும்.

ஆலோசகர் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஜெபர்சன் கவுன்ட்டி, கழிவுநீர்த் திட்டக் கடனோடு சிக்கலான வட்டி மாற்று ஒப்பந்தங்களிலும் மாட்டி, 2011 நவம்பரில் திவால் மனு போட்டது. அது தடுமாறிக்கொண்டிருந்த காலத்தில், 2010இல் வந்த சட்டம், உள்ளாட்சிகளுக்கு ஆலோசனை சொல்பவர் பதிவு செய்துகொள்ள வேண்டும், உள்ளாட்சியின் நலனையே முதலில் பார்க்க வேண்டும் என்று கட்டாயமாக்கியது. கடன் கொடுப்பவரும் வண்டி விற்பவரும் நமக்கு ஆலோசகராக இருக்கக் கூடாது என்பதே அதன் சாரம்.

இன்னொரு வாசலையும் நாம் தட்டிப் பார்க்கவில்லை. நூற்பாலைகள் ஆண்டுதோறும் தீக் காப்பீட்டு பிரீமியம் கட்டுகின்றன. ஜெர்மனியில் அந்த பிரீமியத்தின் மீது தீப்பாதுகாப்பு வரி ஒன்று இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் தீயணைப்புச் செலவில் பெரும் பங்கை நீண்ட காலமாகக் காப்பீட்டு நிறுவனங்களே தந்துவருகின்றன. தீ சீக்கிரம் அணைந்தால் இழப்பீடு மிச்சமாவது அவர்களுக்குத்தானே? ஆலைக்காரர் தலையில் புது வரி ஏற்றாமல், ஏற்கெனவே கட்டும் பிரீமியத்திலிருந்தே ஒரு சிறு பங்கை வண்டி மாற்று நிதிக்குத் திருப்ப முடியுமா என்று அரசு பேச்சைத் தொடங்கலாம்.

இதற்கெல்லாம் முன்னால், செலவே இல்லாமல் செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு நிலையத்திலும் உள்ள வண்டிகளின் தயாரிப்பு ஆண்டு, மாற்ற வேண்டிய ஆண்டு, அதற்கு ஒதுக்கிய பணம் ஆகிய மூன்றையும் துறையின் கொள்கை விளக்கக் குறிப்பில் ஆண்டுதோறும் அச்சிட வேண்டும். அதுவரை, தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி, உங்கள் ஊர் வண்டி எந்த ஆண்டு வாங்கியது என்று நீங்களே கேட்டு எழுதுங்கள்.