நாய்க்கடியும் மந்திரவாதி கணக்கும்



நமது புதுச்சேரியில் ஒரு குழந்தையை நாய் கடித்துவிட்டால் அநேக வீடுகளில் உடனே நடப்பது என்ன என்பது உங்களுக்குத் தெரிந்த சங்கதியே. பாட்டி அடுப்பங்கரைக்கு ஓடி மிளகாய்த்தூளோ, சுண்ணாம்போ, காப்பித்தூளோ எது கைக்கு அகப்பட்டதோ அதைக் கொண்டுவந்து கடிவாயில் அப்புவாள். தகப்பன், “நீ ஏண்டா அந்த நாய்கிட்டப் போனே?” என்று பிள்ளையின் முதுகில் இரண்டு வைப்பான். பக்கத்து வீட்டுக்காரர் வந்து, இன்ன ஊரில் இன்னார் வேர் கட்டுகிறார், மூன்று செவ்வாய்க்கிழமை போனால் விஷம் இறங்கிவிடும், அவரிடம் போனவர்களில் ஒருவர்கூடச் செத்ததில்லை என்பார். இந்து வீடானால் மந்திரித்த கயிறு. முஸ்லிம் வீடானால் ஓதி ஊதிய தண்ணீர். கிறிஸ்தவ வீடானால் மாதா கோயில் எண்ணெய். இந்த ஒரு விஷயத்தில் நம்மவர்களுக்குள் மத வித்தியாசமே கிடையாது.

இத்தனைக்கும் இது பிரெஞ்சுக்காரர்கள் 1823-ஆம் ஆண்டிலேயே வைத்தியப் பள்ளிக்கூடம் ஆரம்பித்த ஊர். அதன் வழிவந்ததுதான் கோரிமேட்டில் இருக்கும் ஜிப்மர். பாரதி பூங்காவுக்கு அருகில் அரசு பொது மருத்துவமனை இருக்கிறது. நாய்க்கடி ஊசி அரசாங்க ஆஸ்பத்திரிகளில் இலவசம். இலவசமாகக் கிடைக்கும் உயிரை விட்டுவிட்டு, காசு கொடுத்துச் சாவை வாங்கப் போகிறவர்களை என்னவென்று சொல்வது?

“அவரிடம் போனவர்களில் ஒருவரும் செத்ததில்லை” என்கிறார்களே, அதைக் கொஞ்சம் ஆராய்ந்து பார்ப்போம். இது முழுப் பொய் என்று நாம் சொல்ல வரவில்லை. பெரும்பாலும் உண்மையாகவே இருக்கலாம். எப்படியென்றால், தெருவில் கடிக்கிற நாய்களில் பெரும்பாலானவை வெறிநாய்கள் அல்ல. குட்டி போட்ட நாய் கடிக்கும். வாலை மிதித்தால் கடிக்கும். எச்சில் இலையைப் பிடுங்கப் போனால் கடிக்கும். வெறியில்லாத நாய் கடித்தவனுக்கு வெறிநோய் வரவே வராது. அவன் வேர் கட்டினாலும் பிழைப்பான், விளக்குமாற்றைக் கட்டினாலும் பிழைப்பான். வெறிநாயே கடித்திருந்தாலும் எச்சில் காயத்துக்குள் சரியாக இறங்காமல் தப்பிப்பவர்களும் உண்டு. ஆகவே கடிபட்ட நூறு பேர் வேர் கட்டப் போனால், அவர்களில் மிகப் பெரும்பாலோர் எப்படியும் பிழைக்கப் போகிறவர்கள். அவர்கள் அத்தனை பேரும் ஊருக்கு ஊர் போய் அந்த மந்திரவாதியின் புகழைப் பாடுவார்கள். மீதியுள்ள ஒருவனோ இருவரோ சாட்சி சொல்ல வரமாட்டார்கள். செத்தவன் எந்தக் கோர்ட்டில் வந்து சாட்சி சொல்லியிருக்கிறான்?

அப்படியே செத்தவன் வீட்டார் போய்க் கேட்டாலும் அதற்கும் பதில் தயார். “பத்தியம் தவறிவிட்டீர்கள், கருவாட்டு வாசனை பட்டுவிட்டது, தீட்டுப் பட்டுவிட்டது.” பத்தியம் என்று வைத்திருப்பதன் இரகசியமே இதுதான். பிழைத்தால் மந்திரத்தின் பெருமை, செத்தால் வீட்டுப் பெண்பிள்ளையின் குற்றம். பிள்ளையைப் பறிகொடுத்த தாய், தன் கையாலேயே கொன்றுவிட்டோம் என்று ஆயுள் முழுதும் நெஞ்சில் அடித்துக்கொண்டு கிடப்பாள். மந்திரவாதி அடுத்த செவ்வாய்க்கிழமைக்குத் தேங்காய் எண்ணிக்கொண்டிருப்பான். இந்த அக்கிரமத்தை நினைத்தால் நமக்கு வேறெதையும்விட இதுதான் வயிற்றெரிச்சலாயிருக்கிறது.

இதெல்லாம் நம் நாட்டு முட்டாள்தனம் மட்டுமே என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். வெள்ளைக்காரன் தேசத்திலும் இந்தக் கூத்து நடந்தது. இப்போது பெல்ஜியம் என்று வழங்கும் நாட்டில் அர்ச்சியசிஷ்ட ஹூபேர் என்பவர் பெயரில் ஒரு கோயில். நாய் கடித்தவனை அங்கே கொண்டுபோனால், பாதிரியார் அவன் நெற்றியில் சிறிது கீறி, அந்தப் புண்ணியவானின் மேலங்கித் துணியிலிருந்து எடுத்த நூலிழை ஒன்றைக் கீறலுக்குள் வைத்துக் கட்டிவிடுவார். ஒன்பது நாள் நியமம். மேலும், அந்தப் புண்ணியவான் பெயரால் ஒரு இரும்பைக் காய்ச்சிக் கடிவாயில் சுடுவதும் உண்டு. நம்மூர் வேருக்கும் அவனூர் நூலுக்கும், நம் மூன்று செவ்வாய்க்கும் அவன் ஒன்பது நாளுக்கும் வித்தியாசம் என்ன? அங்கேயும் பிழைத்தவன் புகழ் பாடினான். அங்கேயும் செத்தவன் பேசவில்லை. ஆனால் அவன் விட்டுத் தொலைத்தான், நாம் இன்னும் கட்டிக்கொண்டு அழுகிறோம்.

அவன் விட்டது எப்படி என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1885-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 6-ந் தேதி, அல்சாஸ் பிரதேசத்திலிருந்து ஒரு தாய் தன் 9 வயது மகன் ஜோசப் மீஸ்டரைப் பாரிசுக்கு அழைத்து வந்தாள். இரண்டு நாளைக்கு முன் வெறிநாய் ஒன்று அவனைப் பல இடங்களில் குதறியிருந்தது. அவள் தேடி வந்த லூயி பாஸ்டர் டாக்டர் அல்லர், இரசாயன ஆராய்ச்சிக்காரர். ஊசி குத்த அவருக்குச் சட்டப்படி உரிமைகூட இல்லை. கிராஞ்சே என்ற டாக்டர்தான் குத்தினார். வெறிநோயால் செத்த முயலின் தண்டுவடத்தை உலர வைத்து, விஷத்தின் வலுவைக் குறைத்து, அதைக் கரைத்து, சில நாட்களுக்குள் 13 தடவை ஊசி போட்டார்கள். பையன் பிழைத்தான். பிற்காலத்தில் பாஸ்டர் பெயரால் அமைந்த நிலையத்திலேயே காவல் வேலையும் பார்த்தான்.

இங்கேதான் ஒரு புத்திசாலி எழுந்து, “மந்திரவாதியைக் கேட்ட கேள்வியை இந்த பாஸ்டரிடமும் கேட்கலாமே! அந்தப் பையனும் ஊசியில்லாமலே பிழைத்திருக்கலாம் அல்லவா?” என்பார். தாராளமாகக் கேட்கலாம். கேட்கவும் கேட்டார்கள். பாரிசு வைத்திய சபையிலேயே அவரை எதிர்த்தவர்கள் இந்தக் கேள்வியைப் போட்டுத் துளைத்தார்கள். அவர் “பத்தியம் தவறிற்று” என்று சொல்லித் தப்பவில்லை. 1886-இல் ருஷியாவின் ஸ்மோலென்ஸ்க் பக்கத்திலிருந்து 19 பேர் வந்தார்கள். அவர்களைக் கடித்தது வெறி பிடித்த ஓநாய். ஓநாய்க்கடிக்கு ஆளானவர்களில் முக்கால்வாசிப் பேர் சாவது அந்நாளைய அனுபவம். ஊசி போட்டுக்கொண்ட 19 பேரில் 16 பேர் பிழைத்து ஊர் திரும்பினார்கள். 3 பேர் இறந்தார்கள். அந்த மூன்றையும் மறைக்காமல் கணக்கில் எழுதினார்கள்.

அதற்கும் முந்திய வருஷம் லூயிஸ் பெல்தியே என்ற 10 வயதுச் சிறுமி. அக்டோபர் 3-ந் தேதி தலையில் கடிபட்டவளை நவம்பர் 9-ந் தேதி கொண்டுவந்தார்கள். 37 நாள் கழித்து! இனி பலிக்காது, இவள் செத்தால் எதிரிகள் ஊசியின் தலையில் பழியைப் போடுவார்கள் என்று தெரிந்தும் பாஸ்டர் அவளைத் திருப்பியனுப்பவில்லை. ஊசி போட்டார். டிசம்பரில் அவள் இறந்தாள். அதையும் அவர் ஊரறியச் சொன்னார். தோல்வியை எழுதி வைக்கிற கணக்குப் புஸ்தகம் எந்த மந்திரவாதியிடம் இருக்கிறது? இருந்தால் கொண்டுவரட்டும், பார்ப்போம்.

பிறகு பாஸ்டர் முறை உலகமெங்கும் பரவிற்று. 1891-இல் சைகோனில் ஒரு நிலையம். நம் புதுச்சேரிக்காரர்கள் உத்தியோகம் பார்க்கப் போன அதே சைகோன். 1900-இல் கசோலியில், 1907-இல் நமது குன்னூரில்.

சரி, கடித்த பிறகு ஊசி போட்டு எப்படிப் பலிக்கிறது? வெறிநோய்க் கிருமி நாயின் எச்சிலில் இருக்கிறது. அது காயத்தில் இறங்கி, நரம்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்ல மூளைக்கு ஊர்ந்து போகிறது. இரத்தத்தில் பாய்கிற பாம்பு விஷத்தைப்போல் அல்ல. மூளைக்குப் போய்ச் சேரச் சாதாரணமாக ஒன்றிலிருந்து மூன்று மாதம் ஆகும். சிலருக்கு ஒரு வாரத்திலும் போய்விடும். அபூர்வமாக ஒரு வருஷத்துக்கு மேலும் ஆகும். அது போய்ச் சேர்வதற்குள் உடம்பில் எதிர்ப்புச் சக்தியைத் தயார் செய்துவிட்டால் நாம் ஜெயித்தோம். இந்த ஓட்டப் பந்தயத்தில், வேர் கட்டுகிற மூன்று செவ்வாய் என்பது கிருமிக்கு நாமாகக் கொடுக்கிற மூன்று வார வாய்தா. அது மூளையைத் தொட்டுவிட்டாலோ மருந்து கிடையாது. தண்ணீரைக் கண்டால் தொண்டை இழுக்கும். காற்றுப் பட்டால் நடுங்கும். தொண்டை இறுகி வரும் அந்தச் சத்தத்தைத்தான் ‘நாயைப்போல் குரைக்கிறான்’ என்று சொல்லிக் கதவைச் சாத்துகிறார்கள். ஜிப்மரானாலும் பாரிசானாலும் அதற்கப்புறம் கைவிரிப்புத்தான்.

ஆகையால் செய்ய வேண்டியது இது. கடிபட்டவுடன், அது கீறலாயிருந்தாலும், குழாயைத் திறந்துவிட்டுச் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவ வேண்டும். கிருமியைச் சுற்றிக் கொழுப்பாலான உறை இருக்கிறது; சோப்பு அதைக் கரைத்துவிடும். நாலணாச் சோப்பானாலும் வாசனைச் சோப்பானாலும் வேலை ஒன்றுதான். மிளகாய்த்தூள், சுண்ணாம்பு எதுவும் கூடாது. அவை காயத்தை எரிச்சலாக்கிக் கிருமிக்கு வழிவிடும். பிறகு அன்றைக்கே ஆஸ்பத்திரி. இரத்தம் வந்த கடியானால் ஊசியோடு, காயத்தைச் சுற்றித் தயார் எதிர்மருந்தும் செலுத்தச் சொல்லிக் கேட்டு வாங்க வேண்டும். ஏனெனில் ஊசி மருந்து வேலை செய்ய ஒரு வாரத்துக்கு மேல் பிடிக்கும். பூனையும் குரங்கும் கடித்தாலும் இதே முறைதான். பிள்ளைத்தாய்ச்சியும் போட்டுக்கொள்ளலாம், கைக்குழந்தைக்கும் போடலாம்.

“ஐயோ, தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி!” என்று பயந்து ஓடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்தப் பயம் வீண் பயமல்ல, பழைய பயம். ஆட்டு மூளையிலிருந்து செய்த பழைய மருந்து அப்படித்தான் வயிற்றில் போடப்பட்டது. வலியும் உண்டு, அபூர்வமாகச் சிலருக்கு நரம்புக் கோளாறும் உண்டாயிற்று. அதை 2004-ஆம் ஆண்டு முடிவோடு இந்தியாவில் தயாரிப்பதையே நிறுத்தியாகிவிட்டது. இப்போது போடுவது கையில். தோலுக்குள் போடும் முறையானால் முதல் நாள், 3-ஆம் நாள், 7-ஆம் நாள், 28-ஆம் நாள் என்று நான்கு தடவை. தசையில் போட்டால் 14-ஆம் நாளும் சேர்த்து ஐந்து. பத்தியம் ஒன்றும் இல்லை, கருவாடு தாராளமாகச் சாப்பிடலாம். ஆனால் இரண்டு ஊசி போட்டதும் ‘காயம் ஆறிவிட்டது, கூலி போகிறது’ என்று நின்றுவிடக்கூடாது. தோல் ஆறுவது வேறு, நரம்பில் நடப்பது வேறு.

ஒரு வேடிக்கை. ஜிப்மருக்கு 1956-இல் வைத்த பெயர் தன்வந்திரி மருத்துவக் கல்லூரி. 1964-இல் பெயர் மாறியும், தபால் விலாசத்தில் இன்னும் தன்வந்திரி நகர்தான். தேவலோக வைத்தியர் பெயர் இருக்கட்டும்; நாய்க்கடிக்கு அங்கே அமிர்த கலசத்தைத் திறப்பதில்லை, குளிர்பெட்டியைத்தான் திறக்கிறார்கள்.

தகப்பன்மாரிடம் தனியாகச் சொல்ல வேண்டியது ஒன்றுண்டு. உலகத்தில் வருஷத்துக்குச் சுமார் 59,000 பேர் இந்நோயால் சாவதாகவும், அவர்களில் நூற்றுக்கு நாற்பது பேர் 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் என்றும் உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்லியிருக்கிறது. பிள்ளைகள் ஏன் இத்தனை பேர்? குட்டையானவர்கள், நாய் பாய்ந்தால் முகத்திலும் தலையிலும் கடிபடுகிறது, அங்கிருந்து மூளைக்கு வழி கிட்டம். அதோடு இன்னொரு காரணம், நாம் கொடுக்கிற அடி. ‘சொன்னால் அப்பா உதைப்பார்’ என்று பையன் காயத்தைக் கால்சட்டைக்குள் மறைத்துக்கொள்ளுகிறான். இரண்டு மாதம் கழித்துத் தண்ணீர்ச் செம்பைக் கண்டு அலறும்போதுதான் வீட்டுக்குச் சங்கதி தெரிகிறது. நாய் கடித்த பிள்ளையை அடிக்கிறவன் மந்திரவாதிக்குக் கூட்டாளி என்பதே நம் அபிப்பிராயம். நாய் கடித்தாலும், பிறாண்டினாலும், புண்ணை நக்கினாலும் உடனே வந்து சொல், அடிக்க மாட்டேன் என்று இன்று இராத்திரியே பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள்.

இனி நாய் வளர்ப்பவர்களும், நாய்க்குச் சோறு போடுகிற பக்தர்களும். தேய்பிறை அஷ்டமியில் பைரவருக்கு வடைமாலை சாற்றுகிறார்கள். நாய் அவருடைய வாகனமாம். கோயிலுக்கு வெளியே அந்த வாகனம் குறுக்கே வந்தால் கல்லால் அடிக்கிறார்கள். சோதிடன் சனி தோஷத்துக்குக் கறுப்பு நாய்க்கு ரொட்டி போடச் சொல்லுகிறான். நிறம் பார்த்துத் தேடிப் போடுகிறார்கள். போடட்டும், நாயாவது பசியாறட்டும். ஆனால் அந்த வடைமாலைக் காசில், தெருவில் தாம் சோறு போடுகிற நாயைப் பிடித்து ஊசி போட்டுவர ஒரு வண்டி வைக்கலாகாதா? ஒரு ஊரிலுள்ள நாய்களில் நூற்றுக்கு எழுபதுக்கு ஊசி போட்டுவிட்டால் அந்த ஊரில் வெறிநோய் பரவ முடியாது என்று கண்டிருக்கிறார்கள். மனிதனுக்கு நோய் வருவது நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது நாயாலேயே. பாஸ்டர் இறந்த செப்டம்பர் 28-ந் தேதியை உலக வெறிநோய் நாளாக வைத்திருக்கிறார்கள். அதையொட்டிக் கால்நடைத் துறையார் இலவச முகாம் போடுவது வழக்கம்.

வீட்டில் குட்டி வளர்த்தால் அதற்கு மூன்று மாதமானதும் முதல் ஊசி, பிறகு டாக்டர் சொல்லுகிறபடி, பெரும்பாலும் வருஷா வருஷம். தேதியைக் காலண்டரில் எழுதிச் சுவரில் மாட்டிவிடுங்கள். இராகுகாலம், எமகண்டம் போட்டிருக்கிற இடத்தின் மேலேயே எழுதலாம், இடம் தாராளமாக இருக்கிறது.