காதுல விழுதா?

போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஆறரை மணிக்கு எங்கள் தெருவில் கரண்ட் போய்விட்டது. நல்லவேளை, மிக்ஸி வேலை முடிந்திருந்தது. அகல் விளக்கை ஏற்றிக் கூடத்தில் வைத்தேன். என் பேத்தி சும்மா இருப்பாளா? இரண்டு கையையும் கோத்துக்கொண்டு சுவரில் மான், நாய், கொக்கு என்று வரிசையாக விட்டாள்.

"பாட்டி, என் கை குட்டியா இருக்கு. மான் மட்டும் ஏன் இவ்வளவு பெரிசா இருக்கு?"

"விளக்குக்குக் கிட்ட கையைக் கொண்டுபோனா நிழல் பெரிசாகும்டி கண்ணு" என்றேன்.

பரோடாவில் ஓவியம் படிக்கும் என் அண்ணா பெண் லீவுக்கு வந்திருந்தாள். "அத்தை, இந்த நிழலை வச்சே உலகம் பூரா பேர் வாங்கினவங்க ஒருத்தங்க இருக்காங்க. நளினி மலானின்னு பேரு. கேள்விப்பட்டிருக்கீங்களா?" என்றாள்.

எனக்கு ஓவியம் என்றால் சுவரில் ஆணி அடித்து மாட்டுவது. சினிமா என்றால் கொட்டகை. பாட்டு என்றால் ரேடியோ. மூன்றையும் ஒரே அறையில் கலந்து வைப்பார்கள் என்று யார் கண்டது? கரண்ட் வந்ததும் அவள் தன் கம்ப்யூட்டரில் காட்டினாள். பார்த்த பிறகு எனக்கு இரண்டு நாள் சரியாகத் தூக்கமில்லை. காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

நளினி மலானி 1946ல் கராச்சியில் பிறந்தவர். அடுத்த வருஷமே தேசம் இரண்டாயிற்று. கைக்குழந்தையோடு குடும்பம் வீடு வாசலை விட்டுக் கிளம்பி, கல்கத்தாவுக்கு வந்து, பிறகு பம்பாயில் குடியேறியது. பம்பாய் ஜே.ஜே. கலைப் பள்ளியில் ஓவியம் படித்தார். 1969ல் ஓவியர் அக்பர் பதம்சி, ஓவியர்களும் சினிமாக்காரர்களும் சேர்ந்து வேலை செய்ய ஒரு பட்டறை நடத்தினார். அங்கே கேமராவைக் கையில் எடுத்த இளம் பெண் நளினி.

அந்த வருஷம் அவர் எடுத்த கலர்ப் படம் ஒன்றில் அழகழகான மாதிரி வீடுகள் வரும். சுதந்திர இந்தியாவில் எல்லோருக்கும் வீடு கிடைக்கும் என்ற கனவு அது. ஏழு வருஷம் கழித்து, 1976ல் கறுப்பு வெள்ளையில் இன்னொன்று எடுத்தார். அதில் ஒரு பெண் ஜன்னல் வழியாக வெளியே பார்க்கிறாள். வெளியே குடிசைகள். இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டு 'உடோபியா' என்று பெயர் வைத்தார். ஒரு வசனம் வேண்டுமா, சொல்லுங்கள்? நாமும்தான் கல்யாணமான புதிதில் ஒரு வீட்டைக் கனவு கண்டோம். பிறகு அடுக்களை ஜன்னலில் நின்றுகொண்டு வேறொன்றைப் பார்த்தோம்!

1992ல் பம்பாய் கெமோல்டு காலரியின் சுவரிலேயே பெரிய சித்திரம் வரைந்தார். கண்காட்சி முடிந்ததும் வெள்ளையடித்து அழித்துவிட்டார்கள். ராஜஸ்தானில் நாத்துவாராவின் பழைய சுவர்ச் சித்திரங்கள் அழிந்துகொண்டிருப்பதை ஊருக்கு உணர்த்தத்தான் அப்படிச் செய்தார். 'அடப்பாவமே, அழிக்கவா வரைந்தார்' என்று முதலில் நினைத்தேன். காலையில் போடுகிற கோலம் மத்தியானம் வரை நிற்கிறதா? அழியும் என்று தெரிந்துதானே தினமும் போடுகிறோம்!

இனி அந்த நிழல் சமாசாரம். என் பாட்டி வீட்டுப் பூஜை அறையில் தஞ்சாவூர்க் கண்ணாடிப் படம் ஒன்று உண்டு. வெண்ணெய் தின்னும் கிருஷ்ணன். அந்த மாதிரிப் படத்தைக் கண்ணாடியின் பின்பக்கத்தில் வரைவார்கள். வரிசை தலைகீழ். முதலில் கண்ணின் கருமணி, நகை, புடவைக் கரை. அப்புறம்தான் முகம். கடைசியில் பின்னணி. சின்ன வேலையில் தப்பு நேர்ந்தால் பிறகு திருத்த முடியாது. இந்தப் பின்பக்க ஓவிய வித்தையை நளினி, பரோடா ஓவியர் பூபேன் கக்கரிடமிருந்து கற்றுக்கொண்டார்.

ஆனால் அவர் கண்ணாடியோடு நிற்கவில்லை. மெல்லிய, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாளில் பின்பக்கமாக வரைந்து, அதைப் பெரிய உருளையாகச் சுருட்டி, கூரையிலிருந்து தொங்கவிடுகிறார். உருளை மெதுவாகச் சுற்றுகிறது. அதன் ஊடே சினிமாப் படத்தைப் பாய்ச்சுகிறார். உருளையில் வரைந்த உருவத்தின் நிழலும், சினிமாவின் உருவமும் ஒன்றின்மேல் ஒன்றாகச் சுவரெல்லாம் நகர்கின்றன. கூடவே குரல்களும் ஓசைகளும். 2012ல் ஜெர்மனியின் காசல் நகரில் 'டாக்குமெண்டா' கண்காட்சியில் வைத்த படைப்பில் இப்படி ஐந்து உருளைகள், ஆறு படங்கள். மொத்தம் பதினோரு நிமிஷம். தலைப்பு, மறைந்துபோன ரத்தத்தைத் தேடி என்று பொருள்படும். கவிஞர் ஃபைஸ் அகமத் ஃபைஸின் உருதுக் கவிதையிலிருந்து எடுத்தது. மகாசுவேதா தேவியின் 'திரௌபதி' கதையும் உள்ளே ஓடுகிறது. பார்க்க நடுவில் போய் நின்றால் நம் நிழலும் சுவரில் விழும். 'எனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை' என்று ஒதுங்கி நிற்க முடியாது.

எதற்கு இத்தனை சாமான், ஒரு படம் வரைந்து மாட்டினால் போதாதா என்று அண்ணா பெண்ணைக் கேட்டேன். "கண்ணை மூடிக்கலாம் அத்தை. காதை மூட இமை இல்லையே" என்றாள். சின்னப் பெண்ணானாலும் சரியாகத்தான் சொன்னாள்.

பம்பாயிலேயே 1976ல் பிறந்த ஷில்பா குப்தாவும் இந்த ஓசை வழிக்காரர்தான். எழுதியதற்காகச் சிறைக்குப் போன 100 கவிஞர்களின் வரிகளுக்காக 100 மைக்குகளைத் தொங்கவிட்டிருக்கிறார். அந்த மைக்குகள் நாம் பேசுவதை வாங்குவதில்லை. அவையே பேசுகின்றன. கேட்க வேண்டியது நம் பாடு.

இப்போது என் தூக்கத்தைக் கெடுத்த படைப்புக்கு வருகிறேன். 2018 ஜனவரியில் ஜம்மு பக்கம் எட்டு வயதுச் சிறுமி ஒருத்திக்கு நேர்ந்த கொடுமை உங்களுக்கு நினைவிருக்கும். அதை மனதில் வைத்து எழுபது வயது தாண்டிய நளினி, ஐபேடில் விரல் நுனியால் வரைந்தார். கிறுக்கல் மாதிரி கோடுகள். வரும், அழியும், மறுபடி வரும். அப்படி 88 குட்டிப் படங்கள் ஓர் அறையின் சுவர்களில் மோதிக்கொள்கின்றன. 2020ல் லண்டன் வைட்சேப்பல் காலரியில் காட்டினார்கள். தலைப்பு: 'நான் சொல்வது கேட்கிறதா?'

அந்தத் தலைப்பைப் படித்ததும் எனக்கு நெஞ்சு அடைத்துக்கொண்டது. முப்பது வருஷத்துக்கு முன் என் பெண்ணுக்கு ஒன்பது வயது. இரண்டு தெரு தள்ளிப் பாட்டுக் கிளாசுக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஒருநாள், "அம்மா, நான் பாட்டுக்குப் போகலை" என்றாள். நான் மாவு அரைத்துக்கொண்டிருந்தேன். கிரைண்டர் சத்தம். "ஃபீஸ் கட்டியாச்சு, பேசாமப் போ" என்றேன். அடுத்த வாரம் வயிற்றுவலி. அதற்கடுத்த வாரம் தலைவலி. பிறகு செருப்பைக் காணோம். ஒவ்வொன்றுக்கும் நான் திட்டினேன். செருப்பை அவளே பரண்மேல் ஒளித்து வைத்திருந்தாள்.

கடைசியில் எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்கிற அம்மாள்தான், "பாப்பா சும்மா அழுவல. உக்காந்து என்னன்னு கேளுங்க" என்றாள். அன்று கிரைண்டரை நிறுத்திவிட்டு உட்கார்ந்தேன். அந்த வீட்டுக்கு வந்து போகும் உறவுக்காரன் ஒருவனைப் பற்றிக் குழந்தை சொன்னதை இங்கே எழுத மாட்டேன். செய்ய வேண்டியதை நானும் என் வீட்டுக்காரரும் செய்தோம். ஆனால் அவள் நாலு வாரம் நாலு விதமாகச் சொல்லிப் பார்த்தாளே, அதற்கு நான் என்ன பதில் சொல்ல?

அவளைக் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். "எழுதும்மா, நாலு பேராவது கிரைண்டரை நிறுத்துவாங்க" என்றாள்.

சகோதரிகளே, குழந்தைகள் எப்போதும் வார்த்தையில் சொல்வதில்லை. வயிற்றுவலியில் சொல்லும், திடீர்ப் பிடிவாதத்தில் சொல்லும், பழகின ஒருவர் வந்தால் ஓடி ஒளிவதில் சொல்லும், வரைகிற படத்தில் சொல்லும். எதுவும் இல்லாமலும் இருக்கலாம். ஆனால் கேட்டுத்தானே தெரிந்துகொள்ள வேண்டும்? அதட்டாமல், 'ஏன் முன்னாலேயே சொல்லலை' என்று குற்றம் சாட்டாமல், பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். உதவி வேண்டுமென்றால் குழந்தைகளுக்கான 1098 என்ற எண், இரவு பகல் எந்நேரமும் உண்டு. காலண்டர் பக்கத்தில் எழுதி ஒட்டுங்கள்.

நளினி மலானிக்கு 2023ல் ஜப்பானின் கியோட்டோ பரிசு கிடைத்திருக்கிறது. அவ்வளவு பெரிய கலையைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? சுவரில் மான் விடத்தான் தெரியும்.

நேற்று அடுப்பில் தோசை காய்ந்துகொண்டிருந்தது. "பாட்டி, ஒண்ணு சொல்லட்டுமா?" என்று வந்தாள் பேத்தி. அடுப்பை அணைத்தேன். பள்ளிக்கூடத்தில் யாரோ ரப்பரை எடுத்துக்கொண்டார்களாம், அவ்வளவுதான். முழுசாகக் கேட்டேன். தோசை ஒரு பக்கம் கருகிப்போனது. போகட்டும்.