உரிமக் கட்டணம் ஒழிந்தது. ஒளிபரப்பு உரிமை எங்கே?

2024 ஏப்ரல் 5 அன்று, மக்களவைத் தேர்தல் களம் சூடுபிடித்திருந்த வேளையில், ‘தி கேரளா ஸ்டோரி’ படத்தைத் தூர்தர்ஷன் ஒளிபரப்பியது. கேரள முதலமைச்சர் பினராயி விஜயன் கண்டித்தார்; காங்கிரசும் எதிர்த்தது. ஒளிபரப்பு நிற்கவில்லை. அம்மாதமே தூர்தர்ஷன் செய்தி அலைவரிசையின் இலச்சினை காவி நிறம் பூண்டது. ஒரு மாநில மக்களை இழிவுபடுத்தும் படத்தை, அம்மக்களும் செலுத்தும் வரிப்பணத்தில் இயங்கும் நிறுவனம் ஒளிபரப்பும் துணிவு எங்கிருந்து வந்தது? பணம் வரும் வழியைப் பின்தொடர்ந்தால் விடை கிடைக்கும்.

ஒரு காலத்தில் வானொலிப் பெட்டிக்கும் தொலைக்காட்சிப் பெட்டிக்கும் அஞ்சலகத்தில் ஆண்டுதோறும் உரிமம் புதுப்பிக்க வேண்டியிருந்தது. வானொலிக்கு 15 ரூபாய். தொலைக்காட்சிக்கு 50 ரூபாய். 1980களின் நடுப்பகுதியில் அது ஒழிக்கப்பட்டது. பண்ணையாருக்கும் அவர் தோப்பில் கூலி வேலை செய்பவருக்கும் ஒரே தொகை என்ற அநீதி ஒழிந்தது நல்லதே. ஆனால் அந்த இடத்தில் சுயேச்சையான நிதி ஆதாரம் எதையும் ஆட்சியாளர்கள் வைக்கவில்லை. எஞ்சியவை இரண்டு: விளம்பரதாரரின் பணப்பை, அமைச்சகத்தின் மானியம்.

வான் அலைகள் பொதுச் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995இல் தீர்ப்பளித்தது. 1990இல் இயற்றப்பட்ட பிரசார் பாரதி சட்டம் ஏழாண்டுகள் உறங்கி 1997இல்தான் நடைமுறைக்கு வந்தது. சட்டத்தில் தன்னாட்சி உண்டு. கருவூலச் சாவி அமைச்சகத்திடம். ஊதியத்திற்கான நிதியை அமைச்சகம் நிறுத்தி வைத்ததாக 2018இல் பிரசார் பாரதியின் தலைவரே குற்றம்சாட்டினார். அமைச்சகம் மறுத்தது. இத்தகைய சச்சரவு எழ முடிகிறது என்பதே தன்னாட்சியின் தரத்தைக் காட்டப் போதுமானது.

விளைவுகள் கண்முன் உள்ளன. 2014இல் ஆர்எஸ்எஸ் தலைவரின் விஜயதசமி உரை தூர்தர்ஷனில் நேரலையாக ஒளிபரப்பானது. 2017இல் திரிபுராவின் இடது முன்னணி முதலமைச்சர் மாணிக் சர்க்காரின் விடுதலை நாள் உரையை மாற்றினால்தான் ஒளிபரப்ப இயலும் என்றார்கள். அவர் மாற்ற மறுத்தார். உரை இருட்டடிப்புச் செய்யப்பட்டது. 2023இல் செய்திகளுக்காகச் சங் பரிவாரத்துடன் தொடர்புடைய ‘ஹிந்துஸ்தான் சமாச்சார்’ நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்யப்பட்டது.

“அப்படியானால் சந்தையிடம் விட்டுவிடலாமே” என்கிறார்கள் தாராளமயவாதிகள். அவர்கள் பாலக்காடு மாவட்டத்தின் முதலமடைக்கு வந்து பார்க்கட்டும். மாந்தோப்புகளில் உழைக்கும் தமிழர் இங்கே ஏராளம். கேரள விளம்பரச் சந்தைக்கு அவர்கள் தமிழர். தமிழ்நாட்டுச் சந்தைக்கு எல்லைக்கு அப்பால் வாழ்வோர். இரு கணக்கிலும் அவர்கள் இல்லை. தமிழ்நாட்டின் சேத்துமடை வழியாகவே சாலையில் சென்றடைய முடிகிற பறம்பிக்குளமும் இதே ஊராட்சியில்தான் உள்ளது. அங்குள்ள ஆதிவாசி மக்களின் மொழியில் பேச எந்த விளம்பரதாரர் முன்வருவார்?

சந்தை இலவசமாக எதையும் தருவதுமில்லை. 2019இல் வந்த கட்டண விதியின்படி, கேபிள் இணைப்புக்கு மட்டும் மாதம் 130 ரூபாய் வரை வசூலிக்கப்பட்டது. 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்தால் 153 ரூபாய் 40 காசு. ஆண்டுக்கு 1,840 ரூபாயைத் தாண்டியது. கட்டணச் சேனல்களுக்குத் தனி. 50 ரூபாய் உரிமத்தைச் சுமை என்று ஒழித்த நாட்டில் இதைச் சுமை என்று சொல்வாரில்லை. தரைவழி ஒளிபரப்பிகளோ பெரும்பாலும் மூடப்பட்டுவிட்டன. ஆன்டெனா கட்டி இலவசமாகப் பார்த்த குடும்பம் இன்று டிஷ் வாங்க வேண்டும். பொதுத்துறையின் டிடி ஃப்ரீ டிஷ்ஷிலும் தனியார் சேனல்களுக்கான இடம் ஏலத்தில் விற்கப்படுகிறது.

விளம்பரக் கணக்குப் பார்க்காத ஒளிபரப்பு என்ன செய்யும் என்பதைக் கேரளம் காட்டியது. பெருந்தொற்றுக் காலத்தில், 2020 ஜூன் 1 அன்று, கைட் விக்டர்ஸ் கல்வி அலைவரிசை ‘ஃபர்ஸ்ட் பெல்’ வகுப்புகளைத் தொடங்கியது. தமிழ்வழி மாணவர்களுக்கும் பாடங்கள் தயாரிக்கப்பட்டன. பார்வையாளர் எண்ணிக்கையை மட்டும் பார்த்திருந்தால் அது நடந்திருக்காது.

பிரிட்டனைப் போல உரிமக் கட்டணத்தை மீட்டுக் கொண்டுவரலாம் என்போரும் உண்டு. பிபிசிக்காக அங்கே 2025 ஏப்ரலில் ஒரு வீட்டுக்கு ஆண்டுக்கு 174.50 பவுண்டு என்று நிர்ணயிக்கப்பட்டது. கோடீஸ்வரருக்கும் துப்புரவுத் தொழிலாளிக்கும் ஒரே தொகை. அதுவும் முழுச் சுதந்திரம் தரவில்லை: 2022இல் டோரி அரசு கட்டணத்தை 159 பவுண்டிலேயே இரண்டாண்டுகளுக்கு முடக்கியது. ஜெர்மனியிலும் வீட்டுக்கு வீடு ஒரே கட்டணம்தான்; ஆனால் தேவையான தொகையைக் கணக்கிடுவது சுயேச்சையான ஆணையம். கட்டண உயர்வுக்கு ஒரு மாநிலம் முட்டுக்கட்டை போட்டபோது, 2021இல் அரசியல் சட்ட நீதிமன்றம் அதை அகற்றியது. கற்க வேண்டிய பாடம் இதுவே: எவ்வளவு பணம் என்பதை ஆளுங்கட்சி தீர்மானிக்கக் கூடாது.

எனவே தீர்வு தெளிவானது. பொதுச் சொத்தான வான் அலைகளில் லாபம் ஈட்டும் தனியார் தொலைக்காட்சி, டிடிஎச், தொலைத்தொடர்புப் பெருநிறுவனங்களின் வருவாயில் தீர்வை விதித்துச் சட்டபூர்வ நிதியம் அமைக்க வேண்டும். ஏழை வீட்டுக்குக் கட்டணம் கூடாது. நாடாளுமன்றம், மாநிலங்கள், ஊழியர் சங்கங்களின் பிரதிநிதிகள் கொண்ட ஆணையம் ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஒதுக்கீட்டைத் தீர்மானிக்க வேண்டும். பிரசார் பாரதி சட்டத்தில் ஏட்டளவில் கிடக்கும் நாடாளுமன்றக் குழு உயிர்பெற வேண்டும். எல்லைப்புற மொழிச் சிறுபான்மையினருக்கும் ஆதிவாசி மொழிகளுக்கும் நிதியிலும் நேரத்திலும் உறுதியான பங்கு வேண்டும்.

தூர்தர்ஷனைப் பார்ப்பதை நிறுத்திவிட்டோம் என்று ஒதுங்குவது எதிர்ப்பாகாது. மக்கள் சொத்தை எதிரியிடம் விட்டுவிடுவதாகும். அதன் நிதிச் சங்கிலியை அறுப்பதும் ஜனநாயகப் போராட்டத்தின் ஒரு களமே.