ஓட்டுப் பெட்டியும் கிணற்றுக் கயிறும்

"இலங்கையில் வடக்கே யுத்தம் முடிந்து விட்டது, ரோடு போட்டாகி விட்டது, தேர்தலும் நடத்தியாகி விட்டது, இன்னும் அவர்களுக்கு என்ன குறை?" என்று நமது விருத்தாசலத்தில் படித்த தோழர்கள் சிலரே கேட்கிறார்கள். இவர்கள் கெட்ட எண்ணத்தோடு கேட்பதாக நாம் சொல்ல வரவில்லை. ஓட்டுப் பெட்டி வந்து விட்டால் நியாயமும் அதன் பின்னாலேயே வந்து விடும் என்கிற ஒரு மூடநம்பிக்கை நம்மில் பலருக்கு இருக்கிறது. உண்டியலில் காசு போட்டால் காரியம் கைகூடும் என்பதற்கும், பெட்டியில் சீட்டுப் போட்டால் ஜனங்களின் பயம் தீர்ந்து விடும் என்பதற்கும் என்ன பேதம் என்று கேட்கிறோம்.

நமது ஊர் பீங்கான் சூளைகளில் வேலை செய்கிற எந்தத் தொழிலாளியைக் கேட்டாலும் ஒரு விஷயம் சொல்லுவார். பச்சை மண்ணிலேயே கீறல் விழுந்த பொம்மைக்கு மேலே எத்தனை பளபளப்பாகப் பூச்சுப் பூசினாலும், நெருப்பில் வைத்தவுடன் அந்தக் கீறல் வாயைப் பிளந்து கொள்ளும். பிளவுபட்ட ஒரு ஜில்லாவில் நடத்தப்படும் தேர்தலும் அந்தப் பூச்சுப் போன்றதுதான். கீறலை முதலில் அடைக்க வேண்டும். அதற்கு இரண்டு காரியங்கள் வேண்டும். ஒன்று, ஜனங்களுக்குப் பந்தோபஸ்து. மற்றொன்று, அழிந்த வீடும் பறிபோன நிலமும் திரும்பக் கிடைப்பது. இவை இல்லாத தேர்தலின் யோக்கியதை என்ன என்பதற்கு யாழ்ப்பாண ஜில்லாவையே பார்ப்போம்.

1981-ம் வருஷம் ஜூன் 4-ந் தேதி அங்கே ஜில்லா அபிவிருத்தி சபைக்குத் தேர்தல் வைத்தார்கள். ஜில்லாக்களுக்கு அதிகாரம் கொடுக்கப் போகிறோம் என்று ஜெயவர்த்தனா சர்க்கார் சொல்லிற்று. தேர்தலுக்கு முன்பே, மே 24-ந் தேதி, ஆளுங்கட்சி அபேட்சகரான தியாகராஜாவை ஆயுதம் தாங்கிய தமிழ் இளைஞர்கள் சுட்டார்கள், அவர் மாண்டார். மே 31-ந் தேதி ஒரு தேர்தல் கூட்டத்தில் போலீசார் சுடப்பட்டார்கள். சுட்டவனைப் பிடிப்பது போலீசின் கடமை. ஆனால் போலீசார் செய்ததென்ன? ஊர் மேலே பாய்ந்தார்கள். கடைகள் எரிந்தன, "ஈழநாடு" பத்திரிகை ஆபீஸ் எரிந்தது, பார்லிமெண்டு அங்கத்தினர் யோகேஸ்வரன் வீடு எரிந்தது, யாழ்ப்பாணம் பொது நூல் நிலையம் ஏறக்குறைய 97,000 புத்தகங்களோடும் பழைய ஏட்டுச் சுவடிகளோடும் சாம்பலாயிற்று. கொழும்பிலிருந்து வந்திருந்த மந்திரிகள் சிறில் மத்தியூவும் காமினி திசநாயக்காவும் அச்சமயம் அதே ஊரில்தான் இருந்தார்கள்.

புத்தகம் யாரைச் சுட்டது? எந்த ஏட்டுச் சுவடி துப்பாக்கி தூக்கிற்று?

சாம்பல் ஆறுமுன் தேர்தலையும் நடத்தினார்கள். தமிழர் விடுதலைக் கூட்டணி பத்து ஸ்தானங்களையும் பிடித்தது. அதனால் ஆனதென்ன? அந்த சபைக்குக் கையில் பணமுமில்லை, அதிகாரமுமில்லை. இரண்டு வருஷம் கழித்து, 1983 ஜூலையில், தமிழர்கள் கொழும்பிலே வீடு வீடாகத் தேடித் தாக்கப்பட்டார்கள். பத்துக்குப் பத்து ஜெயித்த ஓட்டு ஒரு வீட்டுக் கதவைக் கூடக் காக்கவில்லை.

அது பழைய கதை என்பீர்களானால், புதிய கதையையும் பாருங்கள். யுத்தம் 2009 மே மாதம் முடிந்தது. உயிர் தப்பிய ஜனங்களை லட்சக்கணக்கில் முள்வேலிக்குள் வைத்தார்கள். 2013 செப்டம்பர் 21-ந் தேதி வடமாகாண சபைக்குத் தேர்தல் நடந்தது. தேர்தலுக்குச் சற்று முன்பு அபேட்சகர் அனந்தி சசிதரன் வீடு தாக்கப்பட்டது. அப்படியிருந்தும் ஜனங்கள் பயப்படாமல் போய் ஓட்டுப் போட்டார்கள். 38 ஸ்தானங்களில் 30 தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்குக் கிடைத்தது. அந்த ஜனங்களின் தைரியத்தை நாம் மெச்சுகிறோம். ஆனால் நீதிபதியாயிருந்த விக்னேஸ்வரன் முதல் மந்திரியானபோது, அவருக்கு மேலே கவர்னராக உட்கார்ந்திருந்தவர் யார்? யாழ்ப்பாணத்தில் ராணுவத் தளபதியாயிருந்தவர்! போலீஸ் அதிகாரமும் நில அதிகாரமும் மாகாணத்துக்கு உண்டென்று 1987-ல் சட்டத்தில் எழுதினார்கள். எழுதியது காகிதத்திலேயே நின்று விட்டது. 2018-ல் சபையின் காலம் முடிந்தது. அதன் பின் பல வருஷங்கள் தேர்தலே இல்லாமல் கவர்னர் ஆட்சிதான். ஜனங்கள் ஓட்டுப் போடத் தயார், சர்க்கார் பெட்டி வைக்கத் தயாரில்லை!

வீடும் நிலமும் என்னவாயிற்று? வலிகாமம் வடக்கில் 1990-ல் ஓடிய ஜனங்கள் கால் நூற்றாண்டு முகாமில் கிடந்தார்கள். அவர்கள் நிலத்தில் ஏறக்குறைய 6,400 ஏக்கரை எடுத்துக் கொள்ளப் போவதாக, தேர்தல் நடந்த அதே 2013-ல் சர்க்கார் நோட்டீஸ் ஒட்டிற்று. பின்னால் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்தார்கள், முழுவதும் அல்ல. தன் கிணற்றைத் தன் கண்ணால் பார்க்க முடியாதவனிடம், "உனக்குத்தான் ஓட்டு இருக்கிறதே" என்று சொல்லுவது பரிகாசமா, அல்லவா?

இதுவரை கொழும்பு சர்க்காரைச் சொன்னோம். இத்தோடு நிறுத்திக் கொண்டால் நாம் பாதி உண்மையை ஒளித்தவர்களாவோம். 1990 அக்டோபரில் வடக்கிலிருந்த முஸ்லிம்களை, சுமார் 70,000 பேருக்கு மேல், விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தில் இரண்டு மணி நேரந்தான் தவணை. தலைமுறை தலைமுறையாக அந்த மண்ணில் வாழ்ந்து, தமிழே பேசினவர்கள் கையில் சிறு மூட்டையோடு போனார்கள். துரத்தப்பட்ட வேதனை தெரிந்தவனே இன்னொருவனைத் துரத்தினால் அதற்கு என்ன பெயர்?

ஜாதி விஷயமோ யுத்தத்துக்கும் முந்தியது. எல்லோருக்கும் ஓட்டுக் கொடுக்க வேண்டுமென்று 1928-ல் டொனமூர் கமிஷன் சிபார்சு செய்தபோது, கூடாதென்று எதிர்த்தவர் தமிழரின் பெருந்தலைவர் சர். பொன்னம்பலம் இராமநாதன். 1957-ல் ஜாதியின் பேரால் தடுப்பது குற்றமென்று சட்டம் வந்த பிறகும், 1968-ல் மாவிட்டபுரம் கோவிலுக்குள் ஒடுக்கப்பட்டவர்கள் நுழையாதபடி குறுக்கே நின்றவர் மந்திரியாயிருந்த பேராசிரியர் சுந்தரலிங்கம். கிணற்றடியில் கயிற்றைத் தொடக் கூடாமல், யாராவது வந்து இறைத்து ஊற்ற மாட்டார்களா என்று குடத்தோடு காத்து நின்ற ஜனங்கள் அந்த மண்ணிலே இருந்தார்கள். எரிந்த நூல் நிலையத்தைத் திரும்பக் கட்டி, 2003 பிப்ரவரியில் திறப்பு விழா வைத்தபோது, திறக்க வேண்டியவர் ஒடுக்கப்பட்ட ஜாதியில் பிறந்த நகரத் தலைவர் செல்லன் கந்தையன். புலிகளின் எதிர்ப்பால் விழா நின்றது. அங்கத்தினர்கள் ராஜினாமாச் செய்தார்கள். காரணம் ஜாதிதான் என்று ஒரு சாராரும், அல்லவென்று ஒரு சாராரும் சொன்னார்கள். அப்படியொரு சந்தேகம் எழுவதற்கே இடமிருந்ததே, அது போதாதா நாம் வெட்கப்படுவதற்கு? முகாம்களில் கடைசிவரை தங்கிப் போனவர்களிலும் பெரும்பாலோர் சொந்தமாக ஒரு குழி நிலமில்லாத ஒடுக்கப்பட்ட ஜாதியார்தான். நிலம் திரும்பி வந்தாலும், நிலமே இல்லாதவன் எங்கே திரும்புவான்?

"இதெல்லாம் கடலுக்கு அப்பால்" என்று நம்மவர்கள் பெருமூச்சு விட வேண்டாம். மதுரை ஜில்லா மேலவளவு கிராமம் இலங்கையிலா இருக்கிறது? 1996-ல் அந்தப் பஞ்சாயத்துத் தலைவர் ஸ்தானம் தாழ்த்தப்பட்டவர்களுக்கு ஒதுக்கப்பட்டது. மிரட்டலால் தேர்தல் நின்றது. கலாட்டாவால் மறுபடியும் கெட்டது. கடைசியில் போலீஸ் காவலோடு நடந்து முருகேசன் ஜெயித்தார். 1997 ஜூன் 30-ந் தேதி, எரிக்கப்பட்ட குடிசைகளுக்கு நஷ்டஈடு கேட்டுக் கலெக்டர் ஆபீசுக்குப் போய்த் திரும்பும் வழியில், பஸ்ஸை மறித்து அவரையும் உடன் வந்தவர்களையும் வெட்டிக் கொன்றார்கள். தேர்தலன்று இருந்த போலீஸ் அன்று பஸ்ஸில் இல்லை. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் 1996 முதல் பத்து வருஷம் தலைவரே நிலைக்கவில்லை. 2006-ல் அதிகாரிகள் ஊரோடு உட்கார்ந்து பேசிய பிறகே நிலைத்தார்கள். நமது கடலூர் ஜில்லாவிலேயே, தெற்குத் திட்டை ஊராட்சித் தலைவியைக் கூட்டத்தில் தரையில் உட்கார வைத்த படத்தை 2020-ல் உலகமே பார்த்தது. ஓட்டு அவருக்குப் பதவியைக் கொடுத்தது, நாற்காலியைக் கொடுக்கவில்லை!

ஆகவே, ஓட்டு வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. ஓட்டை மட்டும் கொடுத்துவிட்டுக் கணக்கு முடிந்ததென்று கைகழுவுவதைத்தான் மோசடி என்கிறோம். ஒரு ஜில்லாவில் சமாதானம் வந்து விட்டதா என்பதை அறிய நாம் மூன்று கேள்விகள் வைக்கிறோம். இரவில் கதவைத் தட்டுகிறவன் காக்கி உடுப்புக்காரனானால் வீட்டுக்காரனுக்குத் தைரியம் வருகிறதா, நடுக்கம் வருகிறதா? ஓடிப் போனவன், அவன் தமிழனோ முஸ்லிமோ சிங்களவனோ, தன் வீட்டுக்குத் திரும்பினானா? ஊர்க் கிணற்றுக் கயிற்றை யார் வேண்டுமானாலும் தொடலாமா? இம்மூன்றுக்கும் சரியான பதில் வந்த பிறகு பெட்டியை எண்ணுங்கள்.

தோழர்களே! தமிழ்நாட்டில் நூற்றுக்கு மேற்பட்ட முகாம்களில் இலங்கைத் தமிழர்கள் இருக்கிறார்கள். அகதி முகாம் என்ற பெயரை 2021-ல் மறுவாழ்வு முகாம் என்று மாற்றினார்கள், நல்லதுதான். அங்கேயும் ஓட்டில்லை, இங்கேயும் ஓட்டில்லை என்று ஒரு தலைமுறையே அதில் வளர்ந்து விட்டது. அவர்களுக்காகக் கண்ணீர் விடுகிறவர்கள், தங்கள் தெருவில் ஒரு வீட்டை அவர்களுக்கு வாடகைக்கு விடட்டும். யாழ்ப்பாணத்துக்கு நியாயம் கேட்கிறவர்கள், தங்கள் ஊர்ப் பஞ்சாயத்து ஆபீசுக்குப் போய், தலைவர் எதில் உட்கார்ந்திருக்கிறார் என்று பார்த்துவிட்டு வந்து, பிறகு பேசும்படி கேட்டுக் கொள்ளுகிறோம்.