தேகப்பயிற்சியும் பட்டினியும்

வேலந்தாவளத்து நம் வாலிபர் சிலர், உடல் இளைக்கவேண்டி விடியலில் கடும் ஓட்டம் ஓடிவிட்டுப் பகற்சோற்றையும் துறக்கின்றனர். ஓட்டத்தை நாம் மெச்சுகிறோம், பட்டினியை அன்று.

1945-ஆம் ஆண்டு அமெரிக்காவின் மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்னும் அறிஞர், 36 வாலிபரைத் தேர்ந்து, ஆறு திங்கள் நாளொன்றுக்கு ஏறக்குறைய 1,570 கலோரி உணவே அளித்து, வாரந்தோறும் 35 கிலோமீட்டர் நடக்கச் செய்தார். எடை கால் பங்கு குறைந்தது. கூடவே வலிமை குன்றிற்று, நாடி தளர்ந்தது, உணவைப் பற்றிய நினைவே மனத்தை ஆட்கொண்டது. பட்டினி கொழுப்பை மட்டுமா கரைக்கும்? தசையையும் அல்லவா தின்னும்!

ஆதலின், அன்றாடத் தேவையினின்று 500 கலோரியளவு குறைத்தலே பெரும்பாலோர்க்குச் சாலும். எண்ணெய்ப் பலகாரத்தைக் கைவிடுக; பயறு, மோர், முட்டையை விடற்க. கடும் பயிற்சி நாளில் ஒரு பிடி கூடுதலாக உண்பது குற்றமன்று. நீரிழிவுக்கு மருந்துண்போர் மருத்துவரைக் கேளாது இதில் இறங்கலாகாது.