நூலுக்கு ஒரு நீதி, மாவுக்கு ஒரு நீதியா?

கோவை நூலுக்கு வெளியூரில் நல்ல பெயர். அது சும்மா வந்துவிடவில்லை. ஓடுகிற மெஷினில் அவ்வப்போது நூல் எடுத்து, 120 கெஜம் அளந்து, எடை போட்டுக் கணக்கு எழுதுவது மில்களில் அன்றாட வேலை. 1956-ல் இங்கே தொடங்கிய 'சிட்ரா' ஆராய்ச்சி நிலையம் இதற்குத் துணை நிற்கிறது.

அதே கோவையில்தான் மசாலாத் தூளும், தோசை மாவும், சிப்சும் பாக்கெட் போடுகிற சிறு கம்பெனிகள் இருக்கின்றன. கேட்டால், "எல்லாம் கைப்பக்குவந்தானுங்க" என்பவர்கள் பலர்.

கைப்பக்குவம் வேண்டியதுதான். தினம் ஆயிரம் பாக்கெட் போட அது மட்டும் போதுமா? எடை குறைந்தால் சட்டம் பாயும். வாங்கியவர் சண்டைக்கு வருவதோ கடைக்காரரிடம்! அதற்குப் பயந்து பாக்கெட்டுக்கு 10 கிராம் கூடப் போட்டால், ஆயிரம் பாக்கெட்டில் 10 கிலோ சரக்கு ஓசியில் போகிறது.

இதற்கு வழி புதிதல்ல. ஷூவார்ட் என்ற அமெரிக்க நிபுணர் 1924-லேயே சொன்னதுதான். அரை மணிக்கு ஒரு தரம் ஐந்து பாக்கெட்டை எடை போட்டு, சராசரியை கிராப் தாளில் புள்ளி வைக்க வேண்டும். இப்படி 25 தரம் எடுத்த கணக்கிலிருந்து மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு. புள்ளி கோடுகளுக்குள் ஏறி இறங்கினால் மெஷினைத் தொடக் கூடாது. தாண்டினால் உடனே நிறுத்திக் காரணம் தேட வேண்டும். சரக்கு கடைக்குப் போன பிறகு தேடி என்ன பயன்?

எடை மட்டுமல்ல, உயிரும் இதில் இருக்கிறது. 'ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்பது ஒன்றாக வெந்த சோற்றுக்குச் சரி. நிலக்கடலை மூட்டைக்குச் சரி வராது. ஈரத்தில் பூஞ்சை பிடித்த கடலையில் அஃப்ளடாக்சின் என்ற விஷம் உண்டாகும். அது ஈரலைக் கெடுக்கும். லோடு முழுவதிலும் சில பருப்புகளில் மட்டும் அது இருக்கலாம். ஒரு மூட்டையில் ஒரு கை அள்ளிப் பார்த்தால் தப்பிவிடும். பல மூட்டைகளில், மேலும் அடியிலுமாக எடுத்துக் கலந்து சோதிக்க வேண்டும்.

சொல்லிக் கொடுக்க ஆள் இல்லையா? இந்தியப் புள்ளியியல் கழகத்தின் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவு கோவையிலேயே இருக்கிறது. வேளாண்மைப் பல்கலைக் கழகமும் இருக்கிறது. இவர்களும் மாவட்டத் தொழில் மையமும் சேர்ந்து, சிறு உற்பத்தியாளர்களுக்குத் தமிழில் மாலை வகுப்பு நடத்த வேண்டும். வியாபாரிகள் சங்கங்கள் இதைக் கேட்டு வாங்க வேண்டும்.

ஒரு தராசு, ஒரு கிராப் தாள், கொஞ்சம் பொறுமை. செலவு அவ்வளவுதான். உடுத்துகிற நூலுக்குப் பார்க்கிற கணக்கை, உண்ணுகிற மாவுக்கும் பார்க்கட்டும்!